நோட்டு நிறைந்தால் வாக்கியம் வந்துவிடுமா?

பாலர் பள்ளியில் விளையாடட்டும், முதலாம் ஆண்டிலிருந்து படிக்கட்டும். பினாங்குத் தமிழ்ப் பெற்றோர் பலரிடம் வேரூன்றிவிட்ட எண்ணம் இது. வாக்கியம் அமைத்தல் என்று வரும்போது அது இன்னும் இறுகிப்போகிறது. முதலில் எழுத்து, பிறகு சொல், அதன் பிறகே வாக்கியம். வாக்கியம் வர வேண்டுமானால் மாதிரி வாக்கியத்தைப் பார்த்து எழுத வேண்டும், மனத்தில் பதியும்வரை திரும்பத் திரும்ப எழுத வேண்டும். லாத்தே தூபி என்று மலாய்ச் சொல்லாலேயே அழைக்கப்படும் இந்தப் பயிற்சிக்கு ஆசிரியர்களிலும் ஆதரவாளர்கள் உண்டு. டியூஷன் வகுப்புகள் பல அதை நம்பியே நடக்கின்றன. பிள்ளைகள் சொல்லட்டைகளோடு எழுந்து நடந்து, பேசி, சிரித்துப் படித்த நாளில், "இன்னிக்கு நோட்டுல ஒண்ணுமே எழுதலையா?" என்ற கேள்வி வீட்டில் எழுகிறது.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது அக்கறை. அதில் ஐயமில்லை. ஆனால் அதைத் தாங்கி நிற்கும் எண்ணம் தவறானது. ஆறு வயதுப் பிள்ளையின் மனம் வாக்கியத்தை எப்படிக் கட்டுகிறது என்பதையும் அது அறியவில்லை, தமிழ் வாக்கியத்தின் இயல்பையும் அறியவில்லை.

மனப்பாட முறை என்ன தருகிறது என்பதை முதலில் பார்க்கலாம். 'மழை' என்ற சொல்லைக் கொடுத்தால் 'மழை பெய்தது' என்று வருகிறது. 'பூ' என்றால் 'பூ அழகாக இருக்கிறது'. 'பள்ளி' என்றால் 'கண்ணன் பள்ளிக்குச் சென்றான்'. பிழை எதுவும் இல்லை. ஆசிரியர் சரி போடுகிறார், பெற்றோர் மகிழ்கிறார்கள். அடுத்து 'குடை' வருகிறது. 'குடை அழகாக இருக்கிறது' என்று எழுதுகிறது பிள்ளை. குடையின் பொருள் விளங்கும்படி எழுதச் சொன்னால் பென்சில் நின்றுவிடுகிறது. ஏனெனில் அந்தப் பிள்ளை கற்றது ஓர் அச்சு மட்டுமே. அச்சில் எந்தச் சொல்லைப் போட்டாலும் ஒரே வடிவம்தான் வெளியே வரும். சிவப்பு மைக்குப் பயந்த பிள்ளை இன்னும் ஒரு படி போய், தனக்கு எழுதத் தெரிந்த மிகச் சிறிய, ஆபத்தில்லாத வாக்கியத்தையே தேர்ந்தெடுக்கப் பழகிவிடுகிறது.

அதே பிள்ளை ஓய்வு நேரத்தில் ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிற வாக்கியம் இப்படி இருக்கும்: "டீச்சர், நேத்து மழ பெய்யுதுன்னு கொடைய எடுத்துட்டுப் போயி, பஸ்ல வச்சிட்டு எறங்கிட்டேன், அம்மா ஏசுனாங்க." இதில் காரணம் இருக்கிறது, கால வரிசை இருக்கிறது, வேற்றுமை உருபு இருக்கிறது, ஒன்றன்பின் ஒன்றாக வினையெச்சங்கள் இருக்கின்றன. பயிற்றியின் கடைசிப் பக்கத்தில்கூட இவ்வளவு சிக்கலான வாக்கியம் கிடையாது. வாக்கியம் அமைக்கத் தெரியாத பிள்ளை என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு பிள்ளையின் வாயில் நாள்தோறும் இத்தகைய வாக்கியங்கள் பிறக்கின்றன. எழுத்திலிருந்து சொல், சொல்லிலிருந்து வாக்கியம் என்ற ஏணி இங்கேயே உடைந்துவிடுகிறது. பிள்ளை பள்ளிக்கு வரும்போதே வாக்கியத்தோடுதான் வருகிறது.

இது வெறும் நம்பிக்கை அன்று. 1958இல் அமெரிக்க மொழியியலாளர் ஜீன் பெர்கோ ஒரு சோதனையை வெளியிட்டார். பறவை போன்ற ஓர் உருவத்தைக் காட்டி அதற்கு 'வக்' என்று இல்லாத பெயர் ஒன்றைச் சூட்டினார். பிறகு அதே உருவம் இரண்டைக் காட்டி, இப்போது என்ன சொல்வாய் என்று கேட்டார். நான்கு வயது முதல் ஏழு வயது வரையிலான பிள்ளைகள் பெரும்பாலும் சரியான பன்மை விகுதியைச் சேர்த்துச் சொன்னார்கள். அந்தச் சொல்லை அவர்கள் யார் வாயிலும் கேட்டிருக்க முடியாது, எந்த நோட்டிலும் எழுதியிருக்க முடியாது. கேட்டதைத் திருப்பிச் சொல்வதே மொழி கற்றல் என்ற எண்ணத்துக்கு அது பெரிய அடி. தமிழில் இதைச் செய்து பார்ப்பது எளிது. 'மிலுக்கு' என்று ஒரு வினைச்சொல்லைக் கற்பனையாகச் சொல்லி, "மாமா இன்னிக்கு மிலுக்குறாரு, நேத்து என்ன பண்ணாரு?" என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம். 'மிலுக்குனாரு' என்ற விடை வந்தால், இறந்தகால இடைநிலையும் மரியாதை விகுதியும் அந்த மனத்துக்குள் விதியாகவே உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள்.

அந்த விதிகளைப் பிள்ளை எங்கே பழகுகிறது? மொழியியலாளர் ரூத் வெய்ர் இரண்டரை வயதான தம் மகன் தூங்கப்போகும் முன் தனியாகப் படுத்துக்கொண்டு பேசியதையெல்லாம் ஒலிப்பதிவு செய்து, 1962இல் ஒரு நூலாக வெளியிட்டார். அறையில் வேறு யாரும் இல்லை, பாராட்டவும் ஆளில்லை. அந்தச் சிறுவன் ஒரு வாக்கியத்தைச் சொல்கிறான், அதில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கிறான், பிறகு இன்னொன்று. கேள்வியாக மாற்றுகிறான், எதிர்மறையாக்குகிறான், ஓசைக்காகவே திரும்பச் சொல்கிறான். இலக்கண நூல்களில் சொல் மாற்றுப் பயிற்சி என்று வரும் அதே வேலை. அவனுக்கு அது விளையாட்டு. பயிற்சியும் விளையாட்டும் எதிரெதிர்த் துருவங்கள் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். திரும்பச் செய்வது விளையாட்டிலும் உண்டு. எதைத் திரும்பச் செய்வது, ஏன் செய்வது என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கிறது என்பதுதான் வேறுபாடு.

பள்ளிக்கு வேலையே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. பினாங்குப் பிள்ளைக்கு இரண்டு தடைகள் இருக்கின்றன, இரண்டும் உண்மையானவை. முதலாவது, வீட்டுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் இடையிலுள்ள தூரம். 'கொடைய பஸ்ல வச்சிட்டேன்' என்பது 'குடையைப் பேருந்தில் வைத்துவிட்டேன்' என்று மாற வேண்டும். இரண்டாவது, ஒரே நேரத்தில் மூன்று மொழிகள். மலாயிலும் ஆங்கிலத்திலும் வினைச்சொல் நடுவில் வரும். தமிழில் கடைசியில் வரும். மலாய் வினை ஆண், பெண், ஒருமை, பன்மை எதற்கும் மாறாது. தமிழ் வினையோ திணை, பால், எண், இடம் நான்குக்கும் ஏற்ப முடிவை மாற்றிக்கொள்ளும். அதனால்தான் 'மாடுகள் மேய்ந்தது', 'அப்பாவும் அம்மாவும் வந்தார்' போன்ற வாக்கியங்கள் நோட்டுகளில் வருகின்றன. மாதிரியைப் பார்த்து எழுதும் பிள்ளை இந்த முடிவுகளைத் தேர்ந்தெடுப்பதே இல்லை. அவை ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டு அச்சடிக்கப்பட்டிருக்கின்றன. தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயத்தை விளையாட்டு உண்டாக்குகிறது.

வகுப்பில் அது எப்படி நடக்கும்? ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொரு சொல்லட்டையைப் பிடித்து வரிசையாக நிற்கிறார்கள்: நேற்று, மாமா, சந்தையில், மீன், வாங்கினார். சௌராஸ்தா சந்தைக்குப் போய் வந்த பிள்ளைகளுக்கு இது தெரிந்த கதைதான். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பவர்களை இடம் மாற்றுகிறார்கள். மாமா நேற்று சந்தையில் மீன் வாங்கினார். சந்தையில் மீன் மாமா நேற்று வாங்கினார். மீன் நேற்று சந்தையில் மாமா வாங்கினார். முதல் நான்கு சொற்களை 24 வகையில் அடுக்கலாம், அத்தனையும் தமிழில் நிற்கும். அழுத்தம் மட்டும் இடம் மாறும். 'வாங்கினார்' அட்டையை வைத்திருக்கும் பிள்ளையை நடுவில் நிறுத்தினால் மற்றவர்களுக்கே உறுத்துகிறது. "டீச்சர், அவன் கடைசியில நிக்கணும்" என்று கத்துகிறார்கள். பயனிலை இறுதியில் வரும் என்ற விதியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் அது ஒரு வரி. இங்கே பிள்ளைகளே அதைக் கண்டுபிடித்துச் சொல்கிறார்கள்.

அடுத்த விளையாட்டில் நான்கு பெட்டிகள்: யார், எப்போது, எங்கே, என்ன செய்தார். தாத்தா, தைப்பூசத்தன்று, தண்ணீர்மலைக்கு, நடந்து போனார் என்று வந்தால் ஒழுங்கான வாக்கியம். மறுமுறை சீட்டு எடுக்கும்போது கொம்தார் கட்டடம் தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு நடந்து போகிறது. வகுப்பே சிரிக்கிறது. சிரித்து முடிக்கும் முன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும்: கட்டடம் போனார் என்று வருமா? போனது. தாத்தாவும் பாட்டியும் என்றால்? போனார்கள். பூனைகள் என்றால்? போயின. எழுவாய் மாறும்போதெல்லாம் வினைமுற்று மாற வேண்டும் என்பது, ஒரே சுற்றில், ஒவ்வொரு பிள்ளையின் வாயிலும் நான்கைந்து முறை நடந்துவிடுகிறது. கட்டடம் நடப்பது பொருந்தாத கற்பனை, பிள்ளையைக் குழப்பும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். ரஷ்ய எழுத்தாளர் கோர்னே சுக்கோவ்ஸ்கி சிறுவர் மொழியைப் பற்றிய தம் நூலில் இதற்கு விரிவாகவே பதில் சொல்லியிருக்கிறார். தலைகீழான உலகைக் கேட்டுப் பிள்ளை சிரிப்பது, நேரான உலகை அது உறுதியாக அறிந்திருப்பதால்தான். கட்டடம் நடக்காது என்று தெரியாத பிள்ளைக்கு அந்த வாக்கியத்தில் சிரிக்க ஒன்றும் இருக்காது.

இத்தாலியச் சிறுவர் எழுத்தாளர் ஜானி ரோதாரி 1973இல் வெளியிட்ட 'கற்பனையின் இலக்கணம்' என்ற நூல் தமிழாசிரியர் ஒவ்வொருவருக்கும் உதவும். ரெஜ்ஜோ எமிலியா நகர ஆசிரியர்களோடு அவர் நடத்திய சந்திப்புகளில் உருவான நூல் அது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சொற்களை எடுத்துக்கொள், இணைத்துப் பார், கதை தானே கிளம்பும் என்கிறார். அவர் எடுத்துக்கொண்ட சொற்கள் நாய், அலமாரி. இத்தாலிய மொழியில் அவற்றை இணைக்க முன்னிடைச் சொற்கள் வேண்டும். தமிழில் வேற்றுமை உருபுகளே போதும். அலமாரியில் நாய்: எப்படி உள்ளே போனது? நாயின் அலமாரி: அதற்குள் என்ன இருக்கும்? நாய்க்கு ஓர் அலமாரி: யார் வாங்கிக் கொடுத்தார்கள்? அலமாரியோடு ஒரு நாய்: எங்கே போகிறது? நாயை அலமாரி... என்ன செய்தது? உருபு ஒன்று மாறினால் கதையே மாறிவிடுகிறது. மேல் வகுப்பில் எட்டு வேற்றுமைகளையும் அட்டவணையாக ஒப்பிக்கும் மாணவன் 'எனக்கு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'என்னை' என்று எழுதித் தடுமாறுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த விளையாட்டின் அருமை புரியும். பொருள் மாறுவதைக் கண்ணால் கண்ட பிள்ளைக்கு அட்டவணை பிறகு எளிதாகவே விளங்கும்.

"நம் முன்னோர் மனப்பாடம் செய்துதானே படித்தார்கள்?" என்ற வாதம் பினாங்கில் கூடுதல் கனத்தோடு ஒலிக்கும். காரணம் உண்டு. ஜார்ஜ்டவுனில் 1816 அக்டோபர் 21 அன்று பாதிரியார் ஹட்சிங்ஸ் முயற்சியால் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பைத்தான் மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். 2016இல் நாடு முழுவதும் இருநூறாம் ஆண்டு கொண்டாடப்பட்டதும் அதனால்தான். மரபைப் பேச இந்த ஊருக்கு உரிமை இருக்கிறது. ஆனால் மரபை முழுமையாகப் பேச வேண்டும். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது ஔவையின் வரிகளை, நீதி நூல்களை, கணக்கு வாய்பாட்டை. காலம் கடந்து நின்ற நல்ல வரிகளை நெஞ்சில் ஏற்றுவது மொழிக்குச் செல்வம் சேர்க்கும்; அதை எவரும் எதிர்க்கவில்லை. பயிற்றி தயாரித்தவர் அவசரத்தில் எழுதிய 'பூ அழகாக இருக்கிறது' என்பதை அந்த வரிசையில் வைப்பது மரபுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. மேலும், அதே மரபில் பிள்ளைகளின் வாக்கியப் பயிற்சி தெருவில் நடந்தது. பூப்பறிக்க வருகிறோம் விளையாட்டில் இரண்டு அணிகள் எதிரெதிரே நின்று கேள்வியும் பதிலுமாக வாக்கியங்களை வீசிக்கொள்ளும். விடுகதை போடுகிற பிள்ளை ஒரு பொருளை நேரடியாகச் சொல்லாமல் வாக்கியத்தில் மறைத்துச் சொல்லப் பழகுகிறது. அடுக்குமாடி வீடுகளிலும் கைப்பேசித் திரைகளிலும் அந்தத் தெருவை இழந்துவிட்ட தலைமுறைக்கு அதைத் திருப்பித் தரக்கூடிய இடம் வகுப்பறை ஒன்றே.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வேறொன்று. நேரடியாகக் கற்பிப்பதே பலன் தரும், பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் எதுவும் நடக்காது என்பது அது. இதற்கு ஆதாரமும் இருக்கிறது. அல்ஃபியேரி குழுவினர் 2011இல் 164 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, வழிகாட்டல் இல்லாத கண்டறிதல் முறை பலன் தரவில்லை என்றே கண்டார்கள். ஆனால் அந்த ஆய்வின் மறுபாதியையும் படிக்க வேண்டும்: ஆசிரியர் திட்டமிட்டு, இடையிடையே உதவி, விளக்கம் கேட்டு நடத்திய கண்டறிதல் முறை, நேரடிக் கற்பித்தல் உள்ளிட்ட பிற முறைகளைவிடச் சிறந்த பலன் தந்தது. சொல்லட்டை விளையாட்டு அந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. எந்தச் சொற்களைப் பெட்டியில் போடுவது, எந்த வினைமுடிவைச் சோதிப்பது, எப்போது நிறுத்தி "ஏன் போயின?" என்று கேட்பது என்பதையெல்லாம் ஆசிரியர் முன்கூட்டியே தீர்மானிக்கிறார். எழுத்துப் பயிற்சியைப் பற்றி கிரஹாமும் பெரினும் 2007இல் செய்த தொகுப்பாய்வும் குறிப்பிடத்தக்கது. அது நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களைப் பற்றியது. இலக்கணத்தைத் தனியே கற்பித்தது எழுத்தை மேம்படுத்தவில்லை, பலன் எதிர்மறையாகவே இருந்தது. சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிய வாக்கியமாக்கும் பயிற்சி தெளிவான முன்னேற்றம் தந்தது. 'பூனை ஓடியது' என்பதோடு ஆளுக்கொரு சொல் சேர்த்து வட்டமாக நீட்டிக்கொண்டே போகும் விளையாட்டு அதன் தொடக்கநிலை வடிவம்தான்.

நேரம் வீணாகிறது என்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். 25 பிள்ளைகள், 30 நிமிடம். ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டால் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம் கிடைக்கும்; எஞ்சிய நேரம் முழுவதும் காத்திருப்பு. ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து விளையாடினால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆறு நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்தில் தமக்குப் பிடித்த இரண்டு வாக்கியங்களை எழுத வைத்தாலும் ஒவ்வொருவருக்கும் நான்கு நிமிடம் மிஞ்சும், நோட்டிலும் பதிவு இருக்கும். எழுதுவதை யாரும் கைவிடச் சொல்லவில்லை. சொல்ல ஏதாவது கிடைத்த பிறகு எழுதச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

"வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டு சரி, நம் பிள்ளைக்குத் தேர்வுதான் ஏணி" என்ற வாதம் உள்ளத்தைத் தொடக்கூடியது. தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல படிப்பைப் பிடித்துத்தான் மேலே வந்தன. ஆனால் அந்த ஏணியின் படிகளே மாறிவிட்டன. முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் 2019இல் நீக்கப்பட்டு வகுப்புசார் மதிப்பீடு வந்தது. 1988இல் அறிமுகமான ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. கல்வி அமைச்சின் பாலர் பள்ளிக் கலைத்திட்டம் விளையாட்டின் வழி கற்றலை வலியுறுத்துகிறது. 2011இல் தொடங்கிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் டிடிக் ஹிபூர் என்னும் மகிழ்ச்சியூட்டும் கற்பித்தலை ஏற்றுக்கொண்டது. வகுப்பில் விளையாடவைக்கும் ஆசிரியர் விதியை மீறவில்லை, விதிப்படியே நடக்கிறார். நான்காம் ஆண்டிலிருந்து கல்வி ஆண்டிறுதித் தேர்வு இருக்கிறதே என்றால், அங்கும் கட்டுரைக்குச் சொந்த வாக்கியம்தான் கேட்கப்படும்; மனப்பாட அச்சு அங்கே கைகொடுக்காது.

ஏழைப் பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது என்பதற்குச் சென்னையே மறுமொழி. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், எம். பி. விஜயகுமார் ஆணையராக இருந்தபோது, ரிஷிவேலி கிராமக் கல்வி மையத்தின் முறையைத் தழுவிச் செயல்வழிக் கற்றல் தொடங்கப்பட்டது. அட்டைகளும் குழுக்களுமாக அது பிறகு தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்குப் பரவியது. அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் எளிய குடும்பங்களின் பிள்ளைகள். அந்த முறையிலும் குறைகள் சொல்லப்பட்டன. அட்டையை முடிப்பதே குறிக்கோளாகிப்போன வகுப்புகள் இருந்தன. அந்தப் பாடமும் இங்கே தேவை. வண்ணம் தீட்டுவதும் கைதட்டிப் பாடுவதும் மட்டுமே நடந்து, ஒரு பிள்ளைகூடச் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்லாமல் மணி அடித்துவிட்டால் அது வாக்கியப் பாடம் ஆகாது. வீட்டில் புத்தகமும் பேச்சும் குறைவாகக் கிடைக்கும் பிள்ளைக்கு வகுப்பில் பேசக் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்கள் மற்றவர்களைவிட அதிகம் தேவை. அவற்றைப் பறித்து நோட்டைக் கொடுப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவி ஆகாது.

ஆசிரியர்களின் சுமையையும் பார்க்க வேண்டும். சொல்லட்டை வெட்டவும் பெட்டி செய்யவும் நேரம் வேண்டும். பக்கத்து வகுப்பு சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தலைமையாசிரியர் துணை நிற்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் கூடுதல் பயிற்றி வாங்கச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை அட்டைகளுக்கும் சிறுவர் கதைப் புத்தகங்களுக்கும் ஒதுக்கலாம். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும். பெற்றோரே, நீங்களும் இன்று மாலை பிள்ளையின் நோட்டைத் திறக்கும் முன், இன்று வகுப்பில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு, பதில் முடியும்வரை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருங்கள்.